ஸியா மஹ்மூத்: 304 ஆடுற ஆக்களுக்கு ஒரு பிரிட்ஜ்காரரின்ர கதை

முறிகண்டியான்:
எங்கட ஊர்ச் சீட்டாட்டம் 304 பற்றின இழை வழிதவறிப் போகுது எண்டு மட்டுறுத்துநர் சொன்னதால பிரிட்ஜ் கதையைத் தனியாத் துவங்கிறன். விதிமுறை எல்லா இடமும் கிடக்கு, அதைத் திருப்பி எழுதப்போறதில்லை. புதுசா வாற ஆக்களுக்கு மட்டும் ஒரு வரி: பிரிட்ஜும் நாலு பேர் ரண்டு சோடியா ஆடுற காட்ஸ்தான். முதல்ல எத்தினை பிடி எடுப்பம் எண்டு கேக்கிற ஏலம் (அப்பிடிக் கேக்கிறதுதான் கேள்வி), பிறகு தாள் இறக்கிறது. நாலு பேரும் ஒவ்வொரு தாள் போட்டால் ஒரு பிடி. எனக்குப் பிடிச்ச ஒரு ஆட்டக்காரரைப் பற்றித்தான் எழுதப்போறன்.

ஸியா மஹ்மூத். 1946இல கராச்சியில பிறந்தவர். சின்னனிலயே இங்கிலாந்துக்குப் போய்ப் படிச்சு, பட்டயக் கணக்காளரா வெளியில வந்தவர். எங்கட ஊரில எண்டால் அதோட கதை முடிஞ்சுது. பொடியன் அக்கவுண்டன், இனிக் கலியாணம் பேசலாம். இவர் கணக்குக் கொப்பியை மூடி வைச்சிட்டுக் காட்ஸ் கட்டைத் தூக்கினவர்.

1981இல நியூயோர்க் மாநிலத்துப் போர்ட் செஸ்டரில பெர்மூடா கிண்ணம். பிரிட்ஜில உலகக் கிண்ணம் எண்டால் அதுதான். பாகிஸ்தான் அணியை ஆரும் கணக்கிலயே எடுக்கேல்லை. அண்டைக்கு இந்த விளையாட்டு அமெரிக்கரும் இத்தாலியரும் மாறி மாறி வெல்லுற விளையாட்டு. அதுக்குள்ள ஸியாவின்ர ஆக்கள் பூந்து இறுதியாட்டம் வரை போயிட்டினம். அங்க அமெரிக்காவிட்டைத் தோல்வி. அந்த அமெரிக்க அணியில இருபத்திநாலு இருபத்தஞ்சு வயசில ரண்டு பொடியள் இருந்தவை. ஜெஃப் மெக்ஸ்ட்ரோத், எரிக் ரொட்வெல். இந்தப் பேர் ரண்டையும் நினைவில வைச்சிருங்கோ.

1986, மயாமி, ரோசன்ப்ளம் கிண்ணம். அதுவும் அணிகளுக்கான உலகப் போட்டிதான். திரும்பவும் இறுதியாட்டம், திரும்பவும் அமெரிக்கா, திரும்பவும் தோல்வி.

பிறகு நியூயோர்க்கில வேர்விட்டு, அமெரிக்க அணிகளில ஆடத் துவங்கினார். ஸ்கொட்லாந்தில இருந்து வந்த மைக்கல் ரோசன்பேர்க் கனகாலம் அவரின்ர சோடி. 2009இல பிரேசிலின்ர சாவோ போலோவில அமெரிக்க அணி ஒண்டு இத்தாலியை வெண்டு பெர்மூடா கிண்ணத்தை எடுத்தது. அதில ஸியாவும் பொப் ஹமனும் ஒரு சோடி. ஸியாவுக்கு 63 வயசு, ஹமனுக்கு 71. அதே அணியில இன்னொரு சோடி ஆர் எண்டு சொல்லுங்கோ பாப்பம்? மெக்ஸ்ட்ரோத், ரொட்வெல். 28 வருசத்துக்கு முன்னம் இவரின்ர வாய்க்குக் கிட்ட வந்ததைத் தட்டிப் பறிச்ச அதே ரண்டு பேர்.

ஆனா என்னைக் கேட்டால், 2009 வெற்றியை விட 1981 தோல்விதான் பெரிசு. ஏன் எண்டு பிறகு சொல்லுறன், முதல்ல நீங்கள் கதையுங்கோ.

பரந்தன் சந்தி:
அண்ணை, கதை நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு சந்தேகம். சொந்த நாட்டுக்கு ஆடேக்க ரண்டு தரமும் தோல்வி. பிறகு அமெரிக்கா, அதுவும் அவ்வளவு பெரிய அணி. வெல்லுற வண்டியில ஏறி இருந்தால் ஆரும் ஊர் போய்ச் சேரலாம். அதைப் போய்ப் பெரிய சாதனை எண்டு சொல்லலாமோ?

முறிகண்டியான்:
தம்பி, அந்த வண்டியில ஏற விட்டவங்கள்தானே, அதுவே தகுதி. ஹமன் சும்மா ஒருத்தரோட போய்ச் சோடியா இருக்கிற ஆள் இல்லை. கனகாலம் உலகத் தரவரிசையில முதலாவதா இருந்தவர். அந்தக் கதிரைக்கு முன்னால 63 வயசில போய் இருக்கக் கை நடுங்காமல் இருக்கோணும்.

ஸ்காபரோக் குளிர்:
பரந்தன் சந்தி சொன்னதில இன்னொரு பக்கமும் இருக்கு. உச்சத்தில பிரிட்ஜ் ஆடுறது காசு விசயம். சம்பளம் குடுத்து ஆட்டக்காரரைச் சேர்க்கிற முதலாளி தானும் அணியில ஒருத்தரா இருந்து ஆடுவார். 2009இல வெண்ட அணிக்கு நிக்கல் எண்ட முதலாளி, அவரும் ஆறு பேரில ஒருத்தர். கிரிக்கெட் அணியை விலைக்கு வாங்கினவர் துடுப்போட தானே இறங்கினால் சனம் சிரிக்கும். பிரிட்ஜில அது வழமை. நிக்கல் நல்லா ஆடக்கூடியவர், அது வேற கதை. ஆனா இப்பிடி ஒருத்தர் கிடைக்காத நாட்டில பிறந்தவன் எவ்வளவு கெட்டிக்காரனா இருந்தாலும் வருசம் முழுக்க இதையே தொழிலாச் செய்யேலாது. அதுதான் ஆக்கள் அமெரிக்கா பக்கம் போறது. நான் இஞ்ச வந்து இருக்கிறதும் எங்கட தொழிலுக்கு அங்க ஆள் இல்லாததாலதானே. ஆரும் என்னை வண்டியில ஏறினவன் எண்டு சொல்லேல்லை.

பரந்தன் சந்தி:
உங்களை ஏன் சொல்லுவான் அண்ணை, நீங்கள் கிண்ணம் ஒண்டும் கொண்டு வரேல்லையே 😄

மல்லாவி அக்கா:
எல்லாரும் உச்சி குளிரக் கதைக்கிறியள். காட்ஸ் கூட்டத்தால எங்கட பக்கம் எத்தினை வீட்டில அடுப்பு மூட்டாமல் கிடந்தது எண்டு ஆருக்கும் நினைவில்லையோ? நெல்லு வித்த காசு மடியில வந்த அண்டு பின்னேரமே மரத்தடிக்குப் போயிடும். நீங்கள் சொல்லுற இந்தப் பிரிட்ஜும் காசு வைச்சு ஆடுறதுதானே? பேர் மட்டும் இங்கிலிசு.

வவுனியா வாத்தி:
மல்லாவி அக்காவின் கேள்வி நியாயமானது. கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன். எழுபதுகளில் பேராதனை விடுதியில் இதைப் பழகியவன் நான்.

காசு வைத்து ஆடும் பிரிட்ஜும் உண்டு. லண்டன் கழகங்களில் இன்றும் ஆடுகிறார்கள், ஸியாவும் அங்கே ஆடித் தேறியவர்தான். ஆனால் போட்டி பிரிட்ஜ் வேறு. அதில் மேசையில் ஒரு சதமும் இல்லை. முக்கியமாக, நல்ல கை வந்தவன் வெல்வான் என்ற பேச்சே அங்கே இல்லை.

எப்படி என்றால், கலைத்துப் போட்ட நான்கு கைகளையும் நான்கு பொந்துள்ள ஒரு தட்டில் அப்படியே வைத்து அடுத்த மேசைக்கு அனுப்புவார்கள். இரண்டு அணி, இரண்டு மேசை. முதல் மேசையில் எங்கள் ஆட்கள் வடக்கும் தெற்கும். இரண்டாவது மேசையில் எங்கள் மற்றச் சோடி அதே தாள்களுக்குக் கிழக்கும் மேற்கும். அதாவது, நல்ல கை எங்களுக்கு இங்கே வந்தால் அங்கே எதிராளிக்கும் அதே கை. ஒரு உதாரணம் பாருங்கள். முதல் மேசையில் எங்கள் சோடி நாலு ஸ்பேட்ஸ் (ஸ்பேட்ஸைத் துரும்பாக வைத்துப் பத்துப் பிடி எடுப்போம் என்பது) கேட்டுப் பத்துப் பிடியும் எடுத்தால் 420 புள்ளி. மற்ற மேசையில் எதிராளி பயந்து மூன்று ஸ்பேட்ஸோடு நின்று அதே பத்துப் பிடியை எடுத்தால் 170தான். வித்தியாசம் 250. வித்தியாசத்தை அணிப் புள்ளியாக மாற்றும் அட்டவணையில் பார்த்தால் எங்கள் அணிக்கு 6 புள்ளி. இரண்டு மேசையிலும் பிடி ஒன்றுதான். துணிந்து கேட்டவர்கள் வென்றார்கள்.

304இல் நாங்கள் தோற்றவுடன் என்ன சொல்வோம்? ‘ஒரு ஜாக் கூட வரவில்லை, என்ன செய்ய?’ பிரிட்ஜ் போட்டியில் அந்தச் சாட்டைச் சொல்ல இடமில்லை. 2018இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் இதையும் சேர்த்தார்கள். அதில் இந்தியாவின் பிரணாப் பர்தன், சிப்நாத் சர்க்கார் சோடி தங்கம் எடுத்தது. பர்தனுக்கு அப்போது அறுபது வயது.

மல்லாவி அக்கா:
அறுபது வயசில தங்கமோ? சரி, அதைக் கேக்க நல்லாத்தான் இருக்கு. மரத்தடி ஆக்களுக்கும் கொஞ்சம் சொல்லுங்கோ ஐயா, காசு இல்லாமலும் ஆடலாம் எண்டு.

கனகராயன்:
நான் போனில பிரிட்ஜ் பேஸ் ஒன்லைன்ல ஆடுறனான். ஆக்களோட ஆடப் பயம், பிழை விட்டால் சோடி ஏசிப்போட்டு எழும்பிப் போயிடுவான். அதால ரோபோவோட மட்டும். ரோபோ ஏசாது. ஆனா சில நேரம் அது கேக்கிற கேள்வியைப் பாத்தால் எனக்குத்தான் ஏச்சு வரும்.

முறிகண்டியான்:
கனகராயன், நீ அறியாமலே கதைக்கு நடுவில வந்து நிக்கிறாய். அந்த ரோபோவின்ர பேர் என்ன எண்டு பாத்தியோ? ஜிப். அதுக்கும் ஸியாவுக்கும் பழைய கணக்கு ஒண்டு இருக்கு.

1990இல ஸியா ஒரு பந்தயம் கட்டினார். தான் சேர்க்கிற நாலு பேர் அணியை எந்தக் கணினியாவது வெண்டால் பத்து லட்சம் பவுண் தருவன் எண்டு. அண்டைய பிரிட்ஜ் கணினியள் சின்னப் பிள்ளையளை விட மோசம், ஆரும் வாயைத் திறக்கேல்லை. பிறகு மத்தியூ கின்ஸ்பேர்க் எண்ட அமெரிக்கக் கணினி விஞ்ஞானி ஜிப்பை எழுதினார். தாள் இறக்கிற பகுதியில அது பெரிய ஆட்டக்காரர் செய்யிற நுட்பமெல்லாம் செய்யத் துவங்கிட்டுது. 1996இல ஸியா பந்தயத்தை மீளப் பெற்றுக்கொண்டார். 1998இல மனிசரோட சேர்த்து ஒரு போட்டி வைச்சினம், தாள் இறக்கிற பகுதிக்கு மட்டும். 34 முன்னணி ஆட்டக்காரர், ஸியாவும் அதில ஒருத்தர். ஜிப் 12ஆவது.

பந்தயத்தை எடுத்ததுக்காகக் கோழை எண்டு சிரிச்ச ஆக்களும் உண்டு. எனக்கு அது கெட்டித்தனமாத்தான் தெரியுது. எதிராளியின்ர கை மாறினது தெரிஞ்ச உடன கேள்வியை நிப்பாட்டத் தெரியாதவன் என்ன ஆட்டக்காரன்?

ஸ்காபரோக் குளிர்:
2022இல பாரிசில நூக் எண்ட கணினி நிரல் ஒண்டு இன்னும் மேல போச்சுது. எட்டு உலக வெற்றியாளரோட மோதி, 80 தொகுதி ஆட்டத்தில 67ஐ எடுத்தது. ஆனா அதிலயும் ஏலம் இல்லை, தாள் இறக்கிற பகுதி மட்டும். நூக்குக்கும் சரி, அந்த எட்டுப் பேருக்கும் சரி, மேசையில எதிரில இருந்து ஆடினது வேற கணினிதான். சோடியோட கதைச்சுக் கேள்வி கேட்டு மேல போறது, எதிராளி பொய் சொல்லுறானோ எண்டு மணந்து பிடிக்கிறது, இதெல்லாம் அந்தப் போட்டியில இல்லை. அதால, மனிசர் முழுசாத் தோத்திட்டினம் எண்டு சொல்லுறது கூடிப்போன கதை.

பரந்தன் சந்தி:
பொய்யோ? பிரிட்ஜில பொய் சொல்லலாமோ? அப்ப நான் வாறன்.

முறிகண்டியான்:
சொல்லலாம், ஆனா ஒரு நிபந்தனை. எதிராளி ஏமாறுற அதே அளவு உன்ர சோடியும் ஏமாறோணும். ஸியா இதில பேர்போன ஆள். ஒரு இனத்தில (ஸ்பேட்ஸ், ஹார்ட்ஸ் மாதிரி) கையில ஒண்டும் இல்லாட்டி, ஏலத்தில அதே இனத்தில பலம் இருக்கிற மாதிரி ஒரு கேள்வி போடுவார். எதிராளி அந்த இனத்தை இறக்கப் பயந்து வேறயை இறக்குவான், ஆட்டம் கையை விட்டுப் போயிடும். அது சட்டத்துக்கு உட்பட்ட பொய். சோடிக்கு மட்டும் விளங்கிற மாதிரி மூக்கைச் சொறிஞ்சால், இருமினால், அது களவு. 304இல நாங்கள் எல்லாரும் செய்யிறதுதான் அந்த ரண்டாவது. இல்லையெண்டு சொல்லுற ஆள் முன்னால வாங்கோ.

வவுனியா வாத்தி:
உலகப் போட்டியிலும் இது நடந்திருக்கிறது. 1975 பெர்மூடா கிண்ணத்தில், சோடிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருக்க மேசைக்குக் குறுக்கே முதல் தடவையாகத் திரை வைத்தார்கள். திரை மேசைக்கு மேலேதான். கீழே வெளி. ஒரு இத்தாலியச் சோடி மேசைக்குக் கீழே காலால் தட்டியதைக் கண்டார்கள். பிறகு மேசைகளுக்குக் கீழே சின்ன மேசை வைத்து மறைத்துவிட்டுத்தான் ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள்.

2015இல் இன்னும் பெரிய பிரளயம். நோர்வேயின் போயே புரோகலண்ட், தன் பழைய அணித் தோழர்களான இஸ்ரேலியச் சோடி ஃபிஷர், ஷ்வார்ட்ஸ் களவு செய்கிறார்கள் என்று பகிரங்கமாகச் சொன்னார். நான் மேலே சொன்ன அந்தத் தட்டு இருக்கிறதல்லவா? ஆடத் தொடங்கும்போது அதை மேசையில் எந்தப் பக்கம் நகர்த்தி வைக்கிறார்கள் என்பதில்தான் சைகை இருந்தது. போட்டிக் காணொளிகளைத் திரும்பத் திரும்பப் பார்த்துத்தான் பிடித்தார்கள். புரோகலண்ட், அவர்களோடு சேர்ந்து தான் வென்ற பட்டங்களையும் விட்டுக்கொடுத்தார். அதே வருடம் இத்தாலியில் பிறந்து மொனாக்கோவுக்கு ஆடிய ஃபன்டோனி, நூனஸ் சோடி மீதும் குற்றச்சாட்டு வந்தது. தாளை நெடுக்காக வைக்கிறார்களா குறுக்காக வைக்கிறார்களா என்பதுதான் சைகை என்றார்கள். ஆனால் அவர்கள் மீதான ஐரோப்பியத் தடையை 2018இல் விளையாட்டு நடுவர் நீதிமன்றம் ஆதாரம் போதாது என்று நீக்கிவிட்டது. ஆகவே அந்த இரண்டு வழக்கையும் ஒன்றாகப் போட்டுப் பேசக்கூடாது.

மல்லாவி அக்கா:
பாருங்கோ, காசு இல்லாட்டியும் களவு. உங்கட பிரிட்ஜில பொம்பிளையள் ஆடுறேல்லையோ? ஆடினால் உது குறையும் எண்டு நினைக்கிறன்.

ஸ்காபரோக் குளிர்:
ஆடுறவை அக்கா. ரிக்சி மார்க்குஸ் எண்டு ஒரு மனிசியைப் பற்றிச் சொல்லுறன். 1910இல, அண்டைய ஒஸ்திரியப் பேரரசின்ர புக்கோவினாவில பிறந்தவ. ஒஸ்திரியாவுக்காக ஆடி 1937இல பெண்கள் உலகப் பட்டம் எடுத்தவ. அடுத்த வருசம் ஹிட்லர் வியன்னாவுக்குள்ள வந்திட்டான். யூதப் பெண், ஓடிப்போய் லண்டனில இறங்கினா. பிறகு பிரித்தானியாவுக்காக ஆடி, 1974இல உலக கிராண்ட் மாஸ்டர் ஆன முதல் பெண். ஃபிரிட்சி கோர்டன் எண்டவ சோடி, அவவும் வியன்னாவில இருந்து வந்தவ. ரண்டு பேரும் மேசையில பிடிக்கிற சண்டை ஊர் அறிஞ்சது. சண்டை பிடிச்சுக்கொண்டே வெண்டவை.

பரந்தன் சந்தி, ஆர் எந்த நாட்டுக்கு ஆடினது எண்ட உங்கட கேள்விக்கு இதையும் ஒருக்கா யோசிச்சுப் பாருங்கோ.

மல்லாவி அக்கா:
இடம்பெயர்ந்து போயும் விடேல்லை. நல்ல மனிசி.

பரந்தன் சந்தி:
அவ துரத்தப்பட்டவ. ஸியாவை ஆரும் துரத்தேல்லை. ரண்டும் ஒண்டில்லை. ஆனா முறிகண்டியான் அண்ணை, 1981 தோல்விதான் பெரிசு எண்டு சொல்லிப்போட்டு ஏன் எண்டு இன்னும் சொல்லேல்லை.

முறிகண்டியான்:
சொல்லுறன்.

தொண்ணூறுகளில நாங்கள் ஜாம் போத்தல் விளக்கில 304 ஆடின ஆக்கள். மண்ணெண்ணெய் விற்ற விலைக்கு வேற விளக்கு ஏது. ஒரு கட்டு வருசக் கணக்கா ஓடும். 304க்கு 32 தாள்தானே வேணும், ஏழு துலைஞ்சால் ரண்டை எடுத்துப் பேனையால ஏழு எண்டு எழுதிப்போடுவம். அந்தக் காலத்தில எனக்கு ஒரு ஐயா பிரிட்ஜ் பழக்க வெளிக்கிட்டவர். பழக்கேலாமல் போச்சு, ஏனெண்டால் 52 தாளும் சரியா இருக்கிற கட்டு எங்களிட்டை இல்லை. வாயாலதான் சொல்லித் தந்தவர். ஆஸ் நாலு புள்ளி, கிங் மூண்டு, குயின் ரண்டு, ஜாக் ஒண்டு, சோடியின்ர கையோட சேர்த்து இருபத்தஞ்சு வந்தால் கேம், அதாவது கூடப் புள்ளி கிடைக்கிற பெரிய கேள்வி, கேக்கலாம் எண்டு. ஜாக்குக்கு ஒரு புள்ளியோ எண்டு நாங்கள் சிரிச்சுக் கவிழ்ந்தது. 304இல ஜாக்குக்கு முப்பது எல்லோ.

அதால எனக்குத் தெரியும், ஒரு இடத்தில ஒரு விளையாட்டு வளர மூளை மட்டும் காணாது எண்டு. கட்டு வேணும், மேசை வேணும், உன்னை விடப் பெரிய ஆட்டக்காரரோட மோதக் கிடைக்கோணும். 1981இல பாகிஸ்தான் அணிக்கு மூளை இருந்தது, மிச்சம் எல்லாம் அரைகுறை. எதிரில இருந்த அணிக்கு எல்லாமும் இருந்தது. அப்பிடி ஒரு அணி இறுதியாட்டம் வரை போனதுதான் எனக்குப் பெரிசு. 2009இல ஸியாவுக்கும் எல்லாம் இருந்தது, வெண்டார். அது கணக்குப்படி நடந்த விசயம்.

பரந்தன் சந்தி:
இப்ப விளங்குது. அப்ப நான் முதல்ல சொன்னதைத்தான் நீங்களும் சுத்தி வளைச்சுச் சொல்லுறியள்.

முறிகண்டியான்:
இல்லையடா தம்பி. நீ 2009ஐக் குறைச்சுச் சொல்லுறாய். நான் 1981ஐக் கூட்டிச் சொல்லுறன்.

கனகராயன்:
இதை விட்டிட்டு ஆட்டத்துக்கு வாங்கோ. ஸியா சொல்லிக்குடுத்த ஏதும் நுட்பம் இருந்தால் போடுங்கோ. நேற்றும் குயின் எங்க இருக்கெண்டு தெரியாமல் தோத்தனான்.

வவுனியா வாத்தி:
உங்களுக்கென்றே ஒன்று இருக்கிறது. ஒரு இனத்தில் உங்கள் கையில் ஆஸ், ஜாக், ஒன்பது, ஒரு சின்னத் தாள். டம்மியில், அதாவது மேசையில் விரித்து வைத்த உங்கள் சோடியின் கையில், கிங், பத்து, இரண்டு சின்னத் தாள். குயின் எதிராளி இருவரில் யாரிடமோ. ஊகம் சரியென்றால் ஒரு பிடியும் கொடுக்கத் தேவையில்லை, பிழையென்றால் ஒன்று போகும். ஸியா எழுதிய குறிப்பு இதுதான்: மூடவில்லை என்றால் அவனிடம் இல்லை. கையிலிருந்து ஜாக்கை இறக்குங்கள். இடது பக்க எதிராளியிடம் குயின் இருந்தால் பெரும்பாலும் ஜாக்கின் மேல் குயினைப் போட்டு மூடத்தான் பார்ப்பான். கை அப்படிப் பழகியிருக்கும். யோசிக்காமல் சின்னத் தாள் போட்டால், குயின் மற்றவனிடம் என்று எடுத்துக்கொண்டு டம்மியின் கிங்கால் பிடியை எடுங்கள். பிறகு டம்மியிலிருந்து பத்தை இறக்கி, வலப்பக்கத்தவன் குயினைப் போட்டால் ஆஸால் எடுங்கள். போடாவிட்டால் பத்தை அப்படியே ஓடவிடுங்கள்.

பரந்தன் சந்தி:
ஐயா, இதை வாசிச்ச எதிராளி குயினை வைச்சுக்கொண்டே சின்னத் தாள் போட்டால்?

வவுனியா வாத்தி:
நல்ல கேள்வி. அப்போது நீங்கள் தோற்பீர்கள். இது நடுத்தர ஆட்டக்காரருக்கு எதிராகத்தான் எடுபடும். பெரிய ஆட்டக்காரர் கண் இமைக்காமல் சின்னத் தாள் போடுவார்கள். அங்கே ஏலத்தில் என்ன கேட்டார்கள், இதுவரை என்ன தாள் விழுந்தது என்று எண்ணித்தான் ஊகிக்க வேண்டும். 304இல் விழுந்த தாளை எண்ணப் பழகியவர்களுக்கு அது கஷ்டமில்லை. இங்கே இருபது தாள் கூட, அவ்வளவுதான்.

கனகராயன்:
ரோபோ மூடுமோ?

முறிகண்டியான்:
ஆடிப்பார், சொல்லு. ஞாயிறு பின்னேரம் ஏழு மணிக்கு நான் பிரிட்ஜ் பேஸ்ல மேசை போடுறன். வாத்தி ஐயா வாறன் எண்டு தனிமடல் போட்டிருக்கிறார். கனகராயன், நீ எனக்குச் சோடி, ஏசமாட்டன். நாலாவது ஆள் ஆர்?

மல்லாவி அக்கா:
நான் வந்தால் ஆருக்கும் பிரச்சினையோ? 304 தெரியும். பிரிட்ஜ் தெரியாது.

வவுனியா வாத்தி:
வாருங்கள் அக்கா, எனக்குச் சோடியாக இருங்கள். சனிக்கிழமை ஒரு மணித்தியாலம் ஒதுக்கினால் ஏலம் மட்டும் சொல்லித் தருகிறேன். மிச்சம் உங்களுக்கு ஏற்கனவே தெரியும்.

ஸ்காபரோக் குளிர்:
உங்களுக்குப் பின்னேரம் ஏழு எண்டால் எனக்குக் காலமை. கோப்பியோட வந்து பாத்துக்கொண்டிருக்கிறன். பரந்தன் சந்தி, நீங்களும் பாக்க வாறியளோ, இல்லை இன்னும் வண்டிக் கணக்கோ?

பரந்தன் சந்தி:
வாறன். ஆனா அக்கா வெண்டால் அது வாத்தி ஐயாவின்ர வண்டி எண்டுதான் எழுதுவன்.